அரிசி மூட்டைக்குக் கீழே ஒரு சீடி பிளேயர்

ஸ்ஸ்ஸ்... டக்.

பார்க்டேலில், எட்டாம் மாடி அப்பார்ட்மென்ட்டில், எங்கள் சீடி பிளேயரின் தட்டு உள்ளே போகும் சத்தம் அது. அதோடு நண்டுக் கறி வாசமும், ஹீற்றர் மேல் காயும் சப்பாத்து வாசமும் சேர்ந்து வரும்...

நானும் நாதன் அண்ணையும் அங்கே ஒன்றாக இருந்தோம். சொந்தக்காரர் இல்லை. கனடாவுக்கு வந்து பாண் சுடும் ஒரே பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவ்வளவுதான். வீடு மாறிப் போன யாரோ லொபியில் விட்டுப் போன பிளேயரை, இரண்டு பேருமாகத் தூக்கி வந்தோம். செங்கல் வைத்துக் கட்டியது போல அப்படி ஒரு பாரம்.

எங்களிடம் மொத்தம் ஏழு சீடி. அதில் ஒன்று ஊர்க் கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த நாதஸ்வரக் கச்சேரி. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு அதைப் போடுவோம்.

ஒரு சட்டமும் வைத்திருந்தோம். சீடி முடியும் வரை யாரும் கதைக்கக் கூடாது. முதலில் வாய் திறப்பவர் கறிச் சட்டி கழுவ வேண்டும்.

எப்போதும் தோற்பவர் நாதன் அண்ணைதான். அந்தப் பதிவில் ஓரிடத்தில் தவில் ஓய்ந்து, நாதஸ்வரம் மட்டும் மெல்ல இழையும். சரியாக அந்த நேரம் பார்த்து, கூட்டத்தில் ஒருவர் இருமுவார்.

"ஆளுக்கு இன்னும் சுகமாகேல்லை!"

ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை இதையே சொல்லுவார். சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்.

காலம் ஓடிவிட்டது. எனக்கு ஸ்ரௌவ்வில்லில் வீடு, நாதன் அண்ணைக்கு மார்க்கம் நகரில். போன வருடம் என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு ஸ்ட்ரீமர் பெட்டி வாங்கித் தந்தாள். உலகத்துப் பாட்டெல்லாம் இன்டர்நெட் வழியாக வரும். எங்கள் ஏழு சீடியையும் அதற்குள் ஏற்றியும் தந்தாள்.

"அப்பா, திஸ் இஸ் த பெஸ்ட். நீங்கள் சும்மா பிளேயை அமத்துங்கோ."

சும்மா அமத்த எங்கே விட்டது... ஒலியை மாற்ற ஏழு விதமான ஃபில்டர்கள். ஒன்றைப் போட்டால் மற்றது நன்றாக இருக்குமோ என்று தோன்றும். பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் களைத்துவிடும். அடுத்த பாட்டுக்குத் தாவுவேன். அதுவும் பிடிக்காது.

காதுதான் போய்விட்டது என்று நினைத்தேன். டொக்டரிடம் போய் டெஸ்ட் செய்தேன். வயதுக்கு நல்ல காது என்றார்கள். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. காது சரியென்றால், பாட்டுக் கேட்கிற அந்த ஆள் எனக்குள் செத்துப்போனானா? உண்மையாகவே பயந்தேன். மனைவி வசந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு நாதன் அண்ணை சாப்பிட வந்தார். நண்டுக் கறி. சாப்பிட்டுவிட்டு பேஸ்மென்ட்டில் போய் இருந்தோம். பெட்டியைப் போட்டால் அப்டேட் ஓடுகிறது. பத்து வீதம்... பதினொரு வீதம்... அதிலேயே நின்றுவிட்டது.

"உது பாட்டுப் பெட்டியோ, விசா ஒபீசோ? இப்பிடிக் காக்க வைக்குது" என்றார் நாதன் அண்ணை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேலே பார்த்துக் கத்தினேன்.

"வசந்தி, அந்தப் பழைய பிளேயர் எங்கையப்பா?"

"கோல்ட் ரூமில, அரிசி மூட்டைக்குக் கீழ இருக்கு. சீமெந்து ஈரம் அரிசியில பிடிக்கக் கூடாதெண்டு அடியில வச்சனான்."

நாதன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். பேஸ்மென்ட் ஓரத்துச் சாமான் அறையில் நாற்பது றாத்தல் மூட்டைகள் மூன்று... அத்தனையையும் இறக்கி, பிளேயரை இழுத்தெடுத்து, மேலே இருந்த அரிசி மாவைத் துடைத்து, வயரைக் கொழுவினோம். அந்த நாதஸ்வரச் சீடியை வைத்தேன்.

ஸ்ஸ்ஸ்... டக்.

ஃபில்டர் இல்லை. ஸ்க்ரீன் இல்லை. இந்தப் பழைய பிளேயர்களுக்குள் இருக்கும் சிப் சீடியில் உள்ளதை உள்ளபடி எடுத்துத் தரும், தன் பங்குக்கு எதையும் கூட்டாது என்று விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் முன்பு சொல்லியிருந்தார். அதனாலா, அல்லது மாற்றிப் பார்க்க ஒன்றுமே இல்லாததாலா, எனக்குத் தெரியாது. தவிலின் முதல் அடியில் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. நாதஸ்வரக்காரர் மூச்செடுப்பது கேட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. என் கை எதையும் தேடவில்லை.

தவில் ஓய்ந்தது. நாதஸ்வரம் இழைந்தது. அந்த மனிதர் இருமினார்.

நாதன் அண்ணையைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

திறந்தது நான்.

"அப்பாடா... எனக்குக் கேக்குது அண்ணை. எனக்கு ஒண்டும் ஆகேல்லை."

அவர் விரலை மட்டும் மேலே, கறிச் சட்டி கிடந்த குசினிப் பக்கம் நீட்டிக் காட்டினார்.

அன்று ஏழே ஏழு சீடி வைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டோம். இன்று உலகத்துப் பாட்டெல்லாம் கைக்குள், ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை... ஸ்ட்ரீமர் மேல் எனக்குக் கோபமில்லை, மகள் ஆசையாகத் தந்தது. அது பக்கத்தில் இருக்கட்டும். அரிசி மூட்டைக்கு வேறு பலகை வாங்கிவிட்டேன்.

நண்டுக் கறிச் சட்டி நன்றாக அடிப்பிடித்திருந்தது. கீழே நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்க, நான் மேலே நின்று அதை ஆறுதலாகத் தேய்த்துக் கழுவினேன்.