கீழ் மூலையில் ஒரு கறை

ராயபுரத்தில் ஓவியங்களுக்கு நகல் அச்சிடும் கடையில் நான் வேலை பார்த்தபோது, ஓர் ஆஸ்பத்திரி ஆயாம்மா வந்தார். சேலைக்கு மேல் நீலக் கோட்டு. எதைத் தொட்டாலும் உடனே விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். ஆஸ்பத்திரி வேலை பழக்கியது போலும். இறந்துபோன கணவர் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய கப்பல் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

அதை ஸ்கேன் செய்து, புதிதாக வந்திருந்த பெரிய இங்க்ஜெட் பிரிண்டரில், கேன்வாஸ் துணியிலேயே அச்சிட்டேன். கப்பலின் துருச் சிவப்பு அப்படியே வந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அவர் கப்பலைப் பார்க்கவேயில்லை. கண் நேராகக் கீழ் மூலைக்குப் போனது.

“இங்க ஒரு கறை இர்ந்துச்சே நைனா, அத்த இன்னா பண்ணே?”

“அழுக்குன்னு நெனச்சு கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேம்மா.”

“அது அவரு கட்டவெரலு. பெயிண்ட் காயறதுக்குள்ள தூக்கி மாட்டுனாரு. அசலு, கல்யாணமாயி பம்பாய் போற பொண்ணு கூட போவுது. எனுக்கு இதான்.”

கறையை நீக்காமல் மறுபடி அச்சிட்டேன். ரேகை கோடு கோடாகத் தெரிந்தது. அவர் அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்தார். அசலில் அந்த இடம் குழிந்திருக்கும். இதில் வெறும் துணிதான்.

“நல்லா கீது நைனா” என்றார்.

விரலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அப்படியும், கடைப்படி இறங்கித் தெருமுனை திரும்பும்வரை, அந்த விரலை மட்டும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடியே போனார்.