நான் பார்க்காத கோல்கள்

டென்மார்க் கோல் அடிக்கும்போதெல்லாம் நான் குசினியில் நின்றேன். அது தற்செயல் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். என் கணவர் அதை என் ராசி என்கிறார்.

அந்தக் கோடையில் ஐரோப்பியக் கோப்பை உதைபந்தாட்டங்கள் தொடங்கியபோது, டென்மார்க்கில் நாங்கள் குடியிருக்கும் புரொண்பியில் எங்கள் அடுக்குமாடியின் பல்கனிகள் முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கொடிகள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்பவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, டென்மார்க் விளையாடும் மாலைகளில் எனக்கு வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஆட்டம் விளங்கிய ஆள் நான்தான். ஓஃப்சைட் என்றால் என்னவென்று இவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். ஒரு கோல், ஒரேயொரு டென்மார்க் கோல், அது விழும் நேரத்தில் என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

முதல் ஆட்டத்தில் கடலை வடையைத் திருப்பிப் போட எழும்பினேன். சட்டியடியில் நிற்கும்போது கோல். எண்ணெய்க் கரண்டியோடு ஓடி வந்து உட்கார்ந்தேன். உடனே எதிரணி ஒன்று அடித்தது. இரண்டாவது ஆட்டத்தில் தேத்தண்ணி ஊற்றப் போனேன். கோல். திரும்பி வந்தேன். மற்றப் பக்கம் கோல்.

இவர் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவர். ஒன்று ஏன் நின்றது என்று காரணம் கண்டுபிடிக்காமல் சோறு இறங்காது. அதே முகத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது எதிரே வருகிற ஆளை வைத்துப் போகிற காரியம் சரிவருமா என்று கணிப்பதை நாங்கள் முழுவியளம் என்போம். டென்மார்க் அணிக்கு நான் கூடாத முழுவியளம் என்று தீர்ப்பாகிவிட்டது.

"இஞ்சேரும், கோவிக்காதையும். ஆட்டம் முடியுமட்டும் நீர் குசினியிலை நிண்டீர் எண்டால் நல்லது."

"வடை சுட்டு முடிஞ்சுது."

"அப்ப சும்மா நில்லும்."

மேல்வீட்டு அண்ணை மன்னார்க்காரர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எங்கள் சோபாவுக்கு வந்துவிடுவார். வெற்றிக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தார். "நாட்டுக்காகத் தங்கச்சி" என்றார், கண் கலங்காத குறையாக. மகள் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல் படிக்கிறவள், அவளாவது எனக்காகக் கதைப்பாள் என்று பார்த்தேன். "எதற்கும் போய் நில்லுங்களேன் அம்மா" என்றாள் டெனிஷில். எனக்கு வந்த கோபத்துக்கு வடைத் தட்டையும் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது ஆட்டத்தில் குசினிக் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். அந்தக் கணமே எதிரணி கோல். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எப்படியோ அணி காலிறுதிவரை தப்பிப் போனது, நான் தப்பவில்லை. காலிறுதிக்கு என்னைக் கட்டடத்தின் நிலவறைக்கு, எல்லா வீட்டாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைக்கு அனுப்பினார்கள். தோய்க்க வேண்டியதென்றால் இவர் போட்டிருந்த சிவப்புச் சட்டைதான். தோய்த்தால் வெற்றி கழுவுப்பட்டுவிடும் என்று அதைக் கழற்றவே மாட்டார். பக்கத்தில் இருக்க முடியாது. தோய்த்து மடித்த துவாய்களையே கூடையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

வழக்கமாக அந்த அறைக்கு முற்கூட்டியே நேரம் பதிய வேண்டும். ஆட்ட நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று கதவைத் திறந்தால், முகத்தில் சிவப்பு வெள்ளைச் சாயம் பூசிய பெரிய உருவமுள்ள டெனிஷ்காரர் ஒருவர் வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எங்கள் கட்டடத்தின் அடுத்த வாசல் பக்கம் குடியிருப்பவர்.

"உங்களையுமா?" என்று கேட்டார்.

"என்னையும்தான்" என்றேன்.

அவரை அவருடைய மனைவி துரத்தியிருந்தார். முழுவியளம் எங்களுக்கு மட்டும் உரிய சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் தன் கைபேசியை எடுத்தார். பார்ப்போமா என்று கண்ணால் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் டென்மார்க் தாங்குமா? ஆட்டத்தை ஓடவிட்டு, கைபேசியை மெஷின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

திடீரென்று சின்ன யன்னல் வழியே கட்டடமே கத்தியது. "அந்தோனியாரே!" என்ற அண்ணையின் குரலும் கேட்டது. டெனிஷ்காரர் பாய்ந்து கைபேசியைத் திருப்பினார். அதில் பந்து இன்னும் நடு மைதானத்தில்தான் நின்றது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் மெதுவாகச் சிரித்தார். மேலே தொலைக்காட்சியில் வருவது இந்தக் கைபேசிக்கு வந்து சேரக் கொஞ்சம் பிந்தும். வெளியே கோல் விழுந்துவிட்டது, இங்கே இனிமேல்தான் விழப்போகிறது. இனி நாங்கள் என்ன பார்வை பார்த்தாலும் அதைத் தடுக்க முடியாது!

இரண்டு தலையும் முட்டப் பார்த்தோம். பந்து கடுகளவுதான் தெரிந்தது. ஓரத்தால் ஓடிய ஒருவன் உயர்த்தி அடித்தான், மற்றவன் துள்ளித் தலையால் இடித்தான், வலை குலுங்கியது. நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது. அழுகையும் வந்தது. பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

மேலே போனால் இவர் ஆடிக்கொண்டு நின்றார். "பாத்தீரே? நீர் கீழை போனீர், நாங்கள் வெண்டிட்டம்! அது சரி, எல்லாரும் கத்தி ஓய்ஞ்சாப்பிறகு கீழை ஆரோ தனியக் கத்தினது. ஆரது?"

"மெஷின்" என்றேன்.

"உம்மடை கன்னத்திலை என்ன சிவப்பு?"

"சாயம் போற துவாய்."

அரையிறுதிக்கு யாரும் சொல்லாமலே, வடையும் கட்டிக்கொண்டு இறங்கினேன். "இப்பிடி ஒரு மனுசி கிடைக்க நான் குடுத்து வைக்கோணும்" என்று இவர் அண்ணையிடம் உருகியது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. கீழே கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தோம். வடை முடிந்தது. மெஷினில் துவாய்கள் சுற்றி ஓய்ந்தன. கத்தல் வரவேயில்லை. கடைசியில் பல்கனி ஒன்றில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. டெனிஷ்காரர் கைபேசியைத் திருப்பாமலே சட்டைப்பைக்குள் வைத்தார்.

வீடு செத்தவீடு மாதிரிக் கிடந்தது. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீர் கீழைதானே நிண்டனீர்?"

"ஓம்."

"எட்டிக்கிட்டிப் பாக்கேல்லையே?"

"இல்லை."

இயந்திரம் திருத்துகிற மூளை ஓடத் தொடங்கியது. அப்படியென்றால் பழுது மேலே, இந்த அறைக்குள்ளேதான். அண்ணையைப் பார்த்தார். அண்ணை அவரைப் பார்த்தார். அப்போது மகள் டெனிஷில் சொன்னாள்: "எல்லா ஆட்டத்திலும் எதிரணி அடித்த எல்லாக் கோலையும் விடாமல் பார்த்தது அப்பாதான்."

நான் கூடையை இவருடைய மடியில் வைத்தேன்.

"அடுத்த கோப்பைக்கு நீங்கள் கீழை. இப்ப அந்தச் சட்டையைக் கழட்டித் தோய்ச்சுக்கொண்டு வாங்கோ."