அஞ்சு தள்ளிக்கோ

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்சைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. ஒரு நூல் பிசகினாலும் விளிம்பு தெறித்துவிடும். அவர் கையில் ஒன்று தெறித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. யாராவது தள்ளுபடி கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். அப்படிப்பட்ட பெண்மணிக்கு எங்கள் மேசையில் வைத்த பெயர் 'தள்ளுபடி'.

ஞாயிறு மதியம் அவருடைய அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கூடுவோம். அண்ணன் கதை சொல்வார், பூதங்களையும் அவரே ஆட்டுவிப்பார். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்போம். அடிப்பதென்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். கேட்ட எண் வந்தால் அடி படும், வராவிட்டால் காற்றை வெட்டியதோடு சரி. இரண்டு கையாலும் கோடாலி பிடிப்பவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. உருட்டும் முன்பே 'அஞ்சு தள்ளிக்கோ' என்று சொல்லி, விழுகிற எண்ணில் ஐந்தைக் கழித்துக்கொள்ளலாம். குறி தவறும் வாய்ப்பு கூடும். ஆனால் பட்டுவிட்டால் எதிரியின் உயிர்க் கணக்கில் பத்து கூடுதலாகக் குறையும்.

தள்ளுபடி ஒவ்வொரு முறையும் தள்ளுவார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. இல்லையென்றால் வெட்டே இல்லை. கேடயமும் குட்டை வாளுமாகப் பத்திரமாக ஆடும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்மா" என்பேன்.

"அம்மி நகர்றதுக்குள்ள நம்ம கதை முடிஞ்சிடும். நீங்க நகர்த்திட்டே இருங்க."

பாதி நேரம் தவறும். தவறினால் பகடையைத் திட்ட மாட்டார். பட்டால் தன் சாமர்த்தியம் என்றும் பீற்றிக்கொள்ள மாட்டார். அந்தக் குணம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

நாலாவது ஆள் அவருடைய அண்ணி. அண்ணிக்குப் பேச்சு திக்கும். கடையில் சாமான் கேட்கக்கூட விரலால்தான் காட்டுவார். கதையில் அவர் ஒரு வைத்தியச்சி. வைத்தியச்சியாகப் பேசும்போது மட்டும் ஒரு சொல்கூடத் தடைபடாது, அரசனையே அதட்டுவார். எங்கள் மேசையில் செத்தவர் திரும்பி வருவதில்லை. வைத்தியச்சி போனால் அந்தக் குரலும் போய்விடுமோ என்று எங்கள் எல்லோருக்கும் பயம். அண்ணனுக்குத்தான் அதிகம். ஆனாலும் அவர் ஒருநாளும் பகடையை மறைத்து உருட்டியதில்லை.

போன மாதம் ஒரு பூதம் வைத்தியச்சியைப் பிடித்து நெரித்தது. இன்னொரு முறை அதன் கை இறுகினால் அவள் பிழைக்க மாட்டாள். நான் அடித்தாயிற்று. மிச்சம் கோடாலி ஒன்றுதான். பூதத்தின் மேல் பட நாலு விழுந்தாலே போதும்.

"இந்த ஒரு தடவை தள்ளாம அடிம்மா" என்று கெஞ்சினேன். "நாலுதானே, கண்ணை மூடிட்டு உருட்டினாலும் படும்."

"படும். ஆனா சாகாது. இன்னும் நிறைய உயிர் இருக்கு அதுக்கு. தள்ளினாத்தான் ஒரு வழி." பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி பக்கம் திரும்பினார். "உங்க உயிர், அண்ணி. நீங்க சொல்லுங்க."

அண்ணி வைத்தியச்சியின் குரலை எடுக்கவில்லை. "த... த..." என்று தன் குரலிலேயே தொடங்கினார். யாரும் அந்தச் சொல்லை அவருக்காக முடித்துவைக்கவில்லை. "த... தள்ளிக்கோ."

எட்டு விழுந்தது. ஐந்து போக மூன்று.

அண்ணன் பூதத்தின் கையை இறுக்கினார். தள்ளுபடியின் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கண்ணும்தான், இந்த வயதில், ஒரு காகித வைத்தியச்சிக்காக. ஆனால் ஒன்று சொல்வேன்: கேட்காமல் உருட்டி இருபதே விழுந்திருந்தாலும் அவரை நான் இவ்வளவு மெச்சியிருக்க மாட்டேன்.

"மன்னிச்சிடுங்க, அண்ணி" என்றார் தள்ளுபடி.

"நா... நான்தானே சொன்னேன்." அண்ணி ஒரு வெற்றுத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "அ... அடுத்தவளுக்குத் தி... திக்கும். ஆனா நிறையப் பே... பேசுவா."

நாங்கள் எழுந்திருக்கும்வரை அண்ணிதான் பேசிக்கொண்டிருந்தார்.