மல்லிகா வாங்கிய சிடி பிளேயர்

மல்லிகா இறந்துபோன செய்தியைப் போனில் சொன்ன பழைய தோழி, "பாவம், பொறுமைசாலி, எல்லாத்தையும் தாங்கினு இருந்தா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரைச் சொல்கிறாய், நம் மல்லிகாவையா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் ஆலையில் என் பக்கத்து மெஷின்காரி அவள். குவார்ட்டர்ஸில் எதிர்வீடு. அவளோடு வேலை பார்த்தவர்களும் எங்கள் வரிசையில் குடியிருந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவளைப் பற்றி யாரும் பொய் பேச வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அவள் புருஷன் குமரேசன் அடிப்பான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. குடித்தாலும் அடிப்பான், குடிக்க வழியில்லாவிட்டாலும் அடிப்பான். ஒருநாள் டேப்ரிக்கார்டரைச் சுவரில் மோதி உடைத்து, கேசட்டிலிருந்து நாடாவை உருவி அவள் கழுத்தில் சுற்றி இழுத்தான். மறுநாள் கழுத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். கத்தலாம் என்றால் முதலில் வாயைத்தான் பொத்துகிறான், யாருக்குக் கேட்கும் என்றாள். பிறகு டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "இன்னொரு பாட்டுப் பொட்டி வாங்கப் போறேன். கேசட்டு வேணாம். பாட்டு மொதல்லேர்ந்து வரணும்னா நாடாவைச் சுத்தி வெச்சிக்கினு இருக்கணும். சிடிதான்" என்றாள். வாங்கிய அடியில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

பூந்தமல்லியில் ஒரு பாய் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் சிடி பிளேயர் கிடையாது. பாய் ஆசையாக விளக்கினார். எதில் பாஸ் நன்றாக வரும், எதில் இரைச்சல் இருக்காது, பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் ஒலி எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்றெல்லாம் சொன்னார். இவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் பட்டனை அழுத்தி, பாட்டு எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்று மட்டும் பார்த்தாள். சில பிளேயர்கள் தட்டைச் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டுத்தான் பாடும். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டாள். பாடிக்கொண்டிருந்த ஒன்றின் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பாட்டு நின்றுபோனது. பாய் பதறிப்போய், வீட்டில் இதை யாரம்மா இப்படி அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டார்.

மல்லிகா கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்தாள். "எங்க ஊட்டுக்காரருதான் பாய். என்னை அடிக்க வந்தா இதைப் போட்டு உடுவேன். அப்ப இதையும் அடிப்பாரு. அடிச்சாலும் நிக்காம பாடணும். தெரு முழுக்கக் கேக்கணும்."

பாய் குத்து வாங்கிய பிளேயரை ஓரமாக வைத்தார். உள்ளே போய்க் கனமான பிளேயர் ஒன்றைத் தூக்கி வந்தார். அதைப் பாடவிட்டு, தன் கையாலேயே அதன் மேல் அறைந்தார். பாட்டு நிற்கவில்லை. சத்தத்தைக் கூட்டப் பட்டன் வைத்த ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், குமிழ் வைத்ததாக எடுத்துக்கொள், முழுக்கத் திருப்பி வைத்தால் அப்படியே நிற்கும் என்றார்.

வீட்டில் ஸ்பீக்கர்களை ஜன்னலைப் பார்த்து வைத்தாள். வயரைப் பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சொருகினாள். பீரோவை நகர்த்தாமல் யாராலும் பிடுங்க முடியாது. எடுத்த எடுப்பிலேயே தவில் முழங்கும் பாட்டு உள்ள ஒரு சிடியை உள்ளே போட்டாள். குமிழைக் குறைக்கக் கூடாது என்பதால் ஒருநாளும் அதில் பாட்டு கேட்கவில்லை. பாட்டு என்றால் அத்தனை உயிர் அவளுக்கு. தவில் சத்தம் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள், பின்கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன் என்று எங்களிடம் சொல்லி வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டது. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நான் குழம்புக் கரண்டியோடு ஓடினேன். பக்கத்து வீடுகளிலிருந்து துடைப்பமும் துணி துவைக்கும் கட்டையும் வந்தன. உள்ளே அவள் நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அவன் ஸ்டூலைத் தூக்கிப் பிளேயரை அடித்துக்கொண்டிருந்தான். மூடி நசுங்கியது, பாட்டு ஒரு வரி தாவியது, ஆனால் நிற்கவில்லை. அவன் வாயைத் திறந்து கத்தியது எங்களுக்குக் கேட்கவே இல்லை. தர்ம அடி கொடுத்தோம். என் கரண்டி வளைந்துபோனது. கொஞ்சமும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

மல்லிகா எங்களை விலக்கிவிட்டு அதே ஸ்டூலை எடுத்தாள். கீழே விழுந்திருந்த அவனுடைய வலது கை தரையில் நீட்டிக் கிடந்தது. அதன் மேல் ஓங்கி இறக்கினாள். எலும்பு முறிந்ததை அவன் முகத்தில்தான் பார்த்தோம். அவன் காதருகே குனிந்து, "குவார்ட்டர்ஸ் என் பேர்ல கீது. வெளிய போ" என்றாளாம், பிறகு அவளே சொன்னாள். திருமழிசையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

அன்று அவன் வெளியே போனதும், நெற்றிக்குத் தையல் போட வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டு போய்க் குமிழை மெல்லக் குறைத்தாள். தவில் பாட்டு முடிந்துகொண்டிருந்தது.

"இரு, அடுத்த பாட்டு இன்னான்னு எனக்கே தெரியாது" என்றாள்.

அவள் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். நசுங்கிய பிளேயருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, நெற்றியில் முந்தானையை அழுத்திக்கொண்டு, மல்லிகா அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தாள்.