நரம்பை நீவிய விரல்

மூன்று தவளைகள் போய்விட்டன, ஒன்றும் துடிக்கவில்லை. எழுபதுகளின் கடைசி, மருத்துவப் படிப்பில் எனக்கு முதல் வருடம். தவளைக் காலின் நரம்புக்கு மின்சாரம் கொடுத்து, தசை துள்ளுவதைக் கரிப்புகை பிடித்த தாளில் கோடாகப் பதிக்க வேண்டும். அந்தத் தாளை ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்காமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. அன்றைக்குத்தான் கடைசி நாள். கண்மாயிலிருந்து வந்த சாக்கில் ஒரே ஒரு தவளை மிச்சம்.

என் பார்ட்னர் கீழக்குயில்குடியில் விவசாய வீட்டுப் பெண், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. நான் செல்லூர், வீடு முழுக்கத் தறி.

எங்களைக் குழப்பியது இதுதான். மின்சாரத்தைத் தசைக்கு நேராகக் கொடுத்தால் துள்ளியது. நரம்பு வழியாகக் கொடுத்தால் அசைவே இல்லை. அப்படியென்றால் தசை பிழைத்திருக்க, நரம்பு மட்டும் எங்கோ செத்துக்கொண்டிருந்தது.

கடைசித் தவளையின் நரம்பைப் பிரித்தெடுத்தேன். வெள்ளை நூல் மாதிரி வந்தது.

"ஏடி, கைய எடு!" என்று கத்தினாள் பார்ட்னர். "என்னடி பண்ற?"

குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நரம்பைப் பிடித்து நீவத் தயாராக நின்றன. எங்கள் வீட்டில் நூலைக் கையில் எடுத்தால் முடிச்சு இருக்கிறதா என்று நீவிப் பார்க்காமல் யாரும் விடமாட்டோம். மூன்று நரம்புகளையும் அப்படித்தான் நசுக்கியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

"இது என்ன ஒங்க வீட்டுப் பாவு நூலா? இம்புட்டு நாளா நீதான் கெடுத்துருக்க!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவளே கண்ணாடிக் குச்சியால் நரம்பைத் தூக்கி, உப்புத் தண்ணீர் சொட்டி, மின்கம்பிகள் மேல் கிடத்தினாள். மின்சாரம் விடும் சாவியை அழுத்தினாள்.

துள்ளியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

பிறகு நரம்பில் தசைக்கு அருகே ஒரு முறை, தள்ளி ஒரு முறை மின்சாரம் கொடுத்தாள். வேகமாகச் சுற்றிய தாளில் இரண்டாவது கோடு கொஞ்சம் பிந்தித் துவங்கியது. வயரில் போகிற கரண்ட் என்றால் இந்த வித்தியாசம் எங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது. நரம்பில் போவது வேறு. ஓரிடத்தில் வாசல் திறக்க, வெளியே நிற்கும் சோடியம் திமுதிமுவென்று உள்ளே பாய்கிறது. அந்த மாற்றம் அடுத்த வாசலைத் திறக்கிறது. பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. மனப்பாடம் செய்து ஒப்பித்திருந்ததை அன்றைக்குத்தான் நம்பினேன். சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வார்னிஷ் பூசும் வரை தாளைத் தொடக்கூடாது, தொட்டால் கரி அழியும். தெரியும். ஆனாலும் கோட்டைக் கண்ட விரல்கள் சும்மா இருக்கவில்லை, தாளை நோக்கிப் போய்விட்டன. மணிக்கட்டில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

கையெழுத்து கிடைத்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடுகளுக்குச் சற்று மேலே, விரல் அகலத்துக்குக் கரி அழிந்த வெள்ளைத் திட்டு. பார்ட்னரைக் குறை சொல்ல முடியாது. அவள் கண்ணில் பட்டது கைக்குப் போய்ச் சேரவும் கொஞ்சம் நேரம் வேண்டுமே.