அண்ணன் காய்ச்சிய மரத் தைலம்

அண்ணனின் முதலாண்டுப் படையலுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! இலை போடச் சற்று நேரமாகும். அதற்குள் படித்து முடிக்கும் அளவில் இதை எழுதியிருக்கிறேன். அண்ணனைப் பற்றிச் சிரிக்காமல் எழுத வேண்டும் என்று இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் தோற்றேன். பொறுத்தருள்க.

அண்ணன் பிறந்தது தஞ்சாவூரை அடுத்த ஒரு சிற்றூரில். பெற்றோரை இழந்தபின், ஒன்பது வயதுத் தங்கையான என்னையும் அழைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். மலாயாவில், சுவாவுக்கு அருகிலுள்ள இந்த ரப்பர் தோட்டத்தில் அவருக்குப் பால்மரம் வெட்டும் வேலை கிடைத்தது. பட்டையை மெல்லச் சீவ வேண்டிய இடத்தில் அவர் கட்டையையே காயப்படுத்தினார். "இன்னும் ஒரு மாசம் இவன வெட்ட விட்டா தோட்டமே வெறகாயிரும் தொரை" என்று மரவெட்டை மேற்பார்க்கும் மண்டோர் முறையிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் துரை அவரைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக்கினார். மரங்கள் பிழைத்தன.

வாத்தியாரான அண்ணனுக்கு ஒரு கவலை. "மரம் என்ன தரும்?" என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "பால்!" என்றார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களைக் காட்டோரம் அழைத்துப் போனார். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அங்கே கெருயிங் மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் வெட்டிய குழியில் கெட்டியான பழுப்புப் பிசின் ஊறி நின்றது. அதைத்தான் அவர் படகின் இடுக்குகளில் பூசுவாராம். அண்ணன் ஒரு தகரம் நிறைய வாங்கி வந்தார்.

"இந்தப் பிசினுக்குள்ள வாசனையா ஒரு தைலம் ஒளிஞ்சிருக்கு. தண்ணி ஊத்திக் கொதிக்கவெச்சா ஆவியோட வெளிய வரும். ஆவியக் குளிரவெச்சா நம்ம கையில சிக்கிரும்" என்றார் பிள்ளைகளிடம்.

அதற்குத் தேவைப்பட்ட செப்புத் தவலை என்னுடையது. கேட்டு வாங்கினார் என்று எழுத ஆசைதான். நான் துணி துவைக்கப் போயிருந்தபோது எடுத்துப் போனார். பள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, மூடியை அரிசிமாவால் ஒட்டி, மூங்கில் குழாய் செருகி, குழாய்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினார். பிள்ளைகள் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினார்கள். மாலைக்குள் ஒரு சீசாவில் விரலளவு தைலம் சேர்ந்தது. அவர்கள் போட்ட கூச்சலில் தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரும்பிப் பார்த்தது.

கங்காணியாரும் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பூசை முடிந்ததும் குடியின் கேட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசுபவர் அவர். அடுப்பு, குழாய், சீசா மூன்றையும் கண்டவர் நேரே பங்களாவுக்கு நடந்தார். "தொரை, வாத்தியாரு புள்ளைங்கள வெச்சி சாராயம் காய்ச்சுறாரு!"

திங்கட்கிழமை காலை துரை, கணக்கெழுதும் கிராணியோடும் கங்காணியாரோடும் பள்ளிக்கே வந்துவிட்டார். குற்றம் உறுதியானால் வேலையும் வீடும் போகும். சிறைக்கும் போக நேரலாம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரை சீசாவை முகர்ந்தார், விளங்கவில்லை. கிராணி கடமையுணர்ச்சியோடு ஒரு மிடறு குடித்தார். கண்ணில் நீர் தாரையாக வழிய, "மருந்து மாதிரியும் இருக்கு தொரை, சாராயம் மாதிரியும் இருக்கு" என்று தீர்ப்பளித்தார்.

அப்போது முன்வரிசையில் இருந்து பத்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். கங்காணியாரின் மகள்.

"தொரை, சாராயம்னா தண்ணியோட கலந்துரும். தைலம் கலக்காது, மேல மெதக்கும். ஊத்திப் பாருங்க."

ஒரு குவளைத் தண்ணீரில் ஊற்றினார்கள். மிதந்தது.

துரை மகிழ்ந்து போனார். "இதெல்லாம் வாத்தியார் சொன்னாரா?"

"தைலம் மெதக்கும்னு வாத்தியாரு சொன்னாரு. சாராயம் கலக்கும்னு நானே பாத்தேன். எங்கப்பா தெனம் சாயங்காலம் கலக்குவாரு."

கங்காணியார் கூரையின் அத்தாப்பு ஓலைகளை எண்ணத் தொடங்கினார். துரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பிறகு, "பாடம் நடக்கட்டும். அடுப்பு மட்டும் தள்ளி இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை கோயில் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என் தவலையோ மூன்று மாதம் தேய்த்தும் வாசனை விடவில்லை. அத்தனை நாளும் நாங்கள் காட்டுமரச் சோறு உண்டோம்.

சென்ற ஆண்டு அண்ணனைக் காய்ச்சல் பிடித்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்த்த ஊழியரிடம், அது எந்த மரத்திலிருந்து வருகிறது என்று விளக்க ஆரம்பித்தார். "பேசாமப் படுங்க வாத்தியாரே" என்றார் அவர். அதுவே அண்ணன் நடத்திய கடைசி வகுப்பு. பத்தாம் நாள் அமைதியாகக் கண்மூடினார்.

காய்ச்சலில் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி ஏற்பாடு செய்து, சிரம்பான்வரை அண்ணனின் தலையைத் தம் மடியில் தாங்கி வந்தவர் கங்காணியார். அவருக்கு எங்கள் வணக்கம். கிராணி ஐயாவுக்கும், ஈமக்கிரியைக்குக் கம்பத்திலிருந்து நடந்தே வந்த மலாய்ப் பெரியவருக்கும், லயத்து மக்கள் அனைவருக்கும் நன்றி.

பள்ளிக்கு இன்னும் புது வாத்தியார் வரவில்லை. தமிழும் கணக்கும் நான் சொல்லித் தருகிறேன். மரப்பாடத்துக்கு எனக்கு அறிவு போதாது. அதைக் கங்காணியாரின் மகள் நடத்துகிறாள். நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கிறேன். போன வாரம் இடையில் ஒரு சந்தேகம் கேட்டேன். "கையத் தூக்கிட்டுக் கேளுங்கக்கா" என்றாள். தூக்கினேன்.