ரத்தம் கொஞ்சம் கம்மி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அந்த மழைக்காலத்தில் பொகவந்தலாவையில் அக்காவின் லயத்து அறையில் ஒண்டியிருந்தேன். அக்காவுக்கு ஏழு மாதம்.

ஒரு காலை தோட்டத்து மருந்தையா எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மை ஒற்றும் தாளில் எடுத்து, பல சிவப்புகள் அச்சடித்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அக்காவிடம், "ரத்தம் கொஞ்சம் கம்மி. இரும்பு மருந்தத் தவறாமக் குடி" என்று ஒரு போத்தல் கொடுத்தார்.

அக்கா என்னைத் தனியே இழுத்தாள். "நீதான் படிச்சவனாச்சே. கம்மின்னா பயமாடா?"

மேசையில் காய்ந்த தாள்களைப் பார்த்தேன். என்னுடையதும் சேர்த்து எல்லாம் ஒரே வெளிறிய சிவப்பு.

"எல்லாருக்கும் இப்படித்தான்க்கா. ஒனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவள் முகம் தெளிந்தது. "அப்ப பல்லு கறுக்க இந்தக் கண்றாவிய எதுக்குக் குடிக்கணும்?" என்று போத்தலைத் தேயிலைச் செடியடியில் கவிழ்த்தாள். இருவரும் சிரித்தோம்.

பிரசவத்தில் பிள்ளை பிழைத்தது. அக்கா பிழைக்கவில்லை. "ரத்தம் ஒண்ணும் அதிகமாப் போகல. அதத் தாங்கத்தான் அவ ஒடம்புல ரத்தம் இல்ல" என்றாள் மருத்துவச்சி.

மறுவருடம் கொட்டகலைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் அதே ஊசி, அதே அட்டை. எனக்கு முன்னால் நின்ற பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொஞ்சம் கம்மி. "மருந்தக் கொட்டிராதீங்கக்கா" என்று கெஞ்சி, நடந்ததைச் சொன்னேன். அவள் மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இப்படித்தானே தம்பி?"

நானும் பார்த்தேன். எல்லாம் அதே வெளிறிய சிவப்பு; அட்டையின் அடர்ந்த சிவப்பு ஒன்றிலும் இல்லை. அவள் பார்த்தது பொய்யில்லை. அன்று நான் பார்த்ததும் பொய்யில்லை.